கதிராமனுக்கு நான் வாசித்துக் காட்டியது

மகன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று சுபா சொன்னாள். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் என் பழக்கம். இந்த முறை அது வர மறுக்கிறது. அம்மாவைக் கேட்டால், மூன்று கிழமையாக மனுசன் பேயடித்த மாதிரித் திரிகிறார் என்பாள். "அப்பா, என்ன ஒரு மாதிரிக் கதைக்கிறீங்க?" என்று போனில் நீ கேட்ட இரண்டு தடவையும் பிரஷர் என்று சொன்னேன். பிரஷர் இல்லை. உன் கலியாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தை நீ என் வாயால் அறிய வேண்டும். நீங்களே சொல்லும்வரை நான் வாய் திறக்க மாட்டேன் மாமா என்று சுபா எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். நீ கட்டப்போகிற பிள்ளை எனக்காக உன்னிடம் ஒன்றை மறைக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு ஒளித்து வைக்காதே, வேண்டியவர்களுக்கெல்லாம் காட்டு. ஏன் என்று போகப்போக விளங்கும்.

தொடக்கம் நீ அனுப்பிய காணொளிதான். நீ இருக்கிற கனடாவின் பிரதமர் ஒருவர், பல வருஷங்களுக்கு முன்பு, பாராளுமன்றத்தில் எழுந்து நின்று அந்த மண்ணின் ஆதிக்குடிகளிடம் அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டது. குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கும்போது பார்த்தேன், நீங்களும் பாருங்க அப்பா என்று அனுப்பியிருந்தாய். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிக்கூடங்களில் அடைத்தது, தலைமயிரை வெட்டியது, பெயரை மாற்றியது, சொந்த மொழி பேசினால் அடித்தது என்று என்ன நடந்ததென்பதையும் கீழே எழுதியிருந்தாய். நான் அழுதேன். அழுதுவிட்டு, கோயில் குழு, பென்ஷன்காரர் குழு, உன் பெரியம்மா வீட்டுக் குழு என்று மூன்று வட்ஸ்அப் குழுக்களுக்கு அதை அனுப்பினேன். 'இப்படி ஒரு நாள் எங்களுக்கும் வருமா?' என்று அடியில் ஒரு கேள்வியும் போட்டேன். ஆளாளுக்குக் கைகூப்பிய படம் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைத்திருந்தேன். நாம் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்த காலம், உனக்கு ஏழு வயது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போன நாட்கள். ஒருநாள் வந்தவர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, தடித்த சீஆர் கொப்பியில், தமிழர் என்பதற்குச் சிங்களத்தில் 'தெமள' என்று பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டார். பெயரைப் பாதியில் விட்டார். "மஹத்தயா, நம வெரதி" என்று, பெயர் பிழை என்று, பணிவாகத்தான் சொன்னேன். "கமக் நே" என்று கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார். பரவாயில்லையாம். என் பெயர் பிழையானால் அவருக்கென்ன! அன்றைக்கு என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ ஏன் அப்பா பிழையா எழுதினவர் என்று கேட்டாய். நான் உடனே பிரசங்கியானேன். "பேனை கையில இருக்கிறவனுக்கு ஒரு கடமைதான் மகன். முன்னால நிக்கிறவன் தன்னை ஆர் எண்டு சொல்லுறானோ அதைத்தான் எழுதோணும்." அதை நீ பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் சொல்லி ஒரு சோற்றுப்பெட்டி பரிசு வாங்கினாய். அந்தப் பெட்டி இன்றைக்கும் குசினியில் இருக்கிறது, அம்மா அதில் செத்தல் மிளகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுபா களுபோவிலவில் அறை எடுத்து இருப்பதும், ஞாயிறு மத்தியானம் வெள்ளவத்தைக்கு எங்களிடம் சாப்பிட வருவதும் உனக்குத் தெரியும். அவளுடைய ஆட்கள் கிழக்குக் கரையில் இருக்கிற வேடர், இந்தத் தீவின் ஆதிக்குடிகள் என்று நீ முதன்முதல் சொன்னபோது அம்மா முகத்தைச் சுளித்தாள். நான்தான் பெரிய மனது பண்ணினேன். தமிழ் பேசுகிற பிள்ளைதானே, படித்த பிள்ளைதானே, என்ன குறை என்று ஏதோ தானம் கொடுப்பவன் போலக் கதைத்தேன். அந்த ஞாயிறும் அதே பெரிய மனதோடு, சாப்பாடு முடிந்ததும், போனை அவள் கையில் கொடுத்துக் காணொளியைப் போட்டேன். "பாரும் பிள்ளை, அரசாங்கம் எண்டா இப்பிடி இருக்கோணும்" என்றேன். அவள் கடைசிவரை பார்த்தாள். அழவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு, "பேரை மாத்தி எழுதினது பிரதமர் இல்லத்தானே மாமா. ஒரு கிளாக்கர்தானே எழுதியிருப்பார். அவர் எங்க?" என்று கேட்டாள்.

"அவர் எப்பவோ செத்திருப்பார், பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தேன். மகன், நான் சிரித்தேன்.

பிறகு அவள் ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தாள். கலியாணப் பதிவில் இனம் என்ற இடத்தில் 'வேடர்' என்று போட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. போட்டால் எங்கள் ஆட்களில் பதிவுப் புத்தகத்தில் தன் இனத்தின் பெயரோடு ஏறுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்றாள். பதிவாளரோ, உங்கட அப்பாவின் பிறப்புப் பதிவில் தமிழர் என்று இருக்கிறதே பிள்ளை, முதலில் அதைத் திருத்திக்கொண்டு வாரும் என்று அனுப்பிவிட்டாராம். "மாமா பதிவு வேலையில இருந்த ஆள்தானே, இத எப்பிடித் திருத்துற எண்டு சொல்லுங்க" என்று தன் அப்பாவின் பிறப்புப் பதிவுப் பிரதியை என் பக்கம் தள்ளினாள். இந்தக் காலத்துப் பிரதி என்பது பழைய புத்தகத்தின் பக்கத்தை அப்படியே படமெடுத்துத் தருவது. எழுதியவனின் கையெழுத்தும் சேர்ந்தே வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். தந்தையின் பெயர் கதிராமன். தந்தையின் இனம் இலங்கைத் தமிழர். பதிந்தவரின் ஒப்பம், அதற்கடியில் இரட்டைக் கோடு.

அந்த ஒப்பத்தைத்தான் போன கிழமையும் வங்கியில் போட்டேன். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். கீழே கரையோர ரயில் போனது, ஜன்னல் அதிர்ந்ததைக் கண்டேன், சத்தம் கேட்கவில்லை. அம்மா தேத்தண்ணியோடு வந்து, "என்னப்பா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றாள். இருபத்திரண்டு வயதில், கொழும்பிலிருந்து போய், முதல் வேலையாகக் கிழக்கில் ஒரு சின்னப் பதிவுப் பிரிவில் இருபது மாதம் இருந்தேன் என்று உனக்கு எப்போதாவது சொல்லியிருப்பேனோ தெரியாது. நுளம்புக் கடியையும் இறால் கறியையும் பற்றி மட்டும்தான் சொல்லியிருப்பேன். அதற்குமேல் எனக்கே ஞாபகம் இருக்கவில்லை. அந்தக் கோட்டைக் கண்டதும் ஐம்பது வருஷம் மூடிக்கிடந்தது முழுதாகத் திறந்துகொண்டது.

கதிராமன், சுபாவின் அப்பப்பா, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். பிறந்த பிள்ளையைப் பதிய, தோணியில் களப்பைக் கடந்து, இடுப்பில் ஈரச் சாரத்தோடு வந்து நின்றார். பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதி, இனம் என்றேன். "வேடரு ஐயா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒன்று எழுத ஏலாது என்றேன். பொய். எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, சுற்றுநிருபமும் இல்லை. அவர் நகரவில்லை. "நாங்க தமிழ்தான் பேசுற ஐயா. ஆனா நாங்க வேடரு. அப்பிடியே எழுதுங்க" என்று இரண்டாம் தரம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. நான் தலையாட்டிவிட்டு 'இலங்கைத் தமிழர்' என்று எழுதினேன். வேடர் என்றிருந்தால் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பழிப்பார்கள், நான் நல்லதைத்தான் செய்கிறேன் என்று மனதுக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

இங்கேதான், மகன், நான் எழுதப் பயப்படுகிற இடம். பதிந்து முடித்ததும் எழுதிய அத்தனையையும் வந்தவருக்கு வாசித்துக் காட்டியபிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். மற்ற வேடர்களுக்கு நான் வாசிக்கவேயில்லை, பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து அனுப்பிவிடுவேன். இவர் இரண்டு தரம் சொன்ன ஆள் என்பதால் இவருக்கு மட்டும் ஒழுங்காக வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு இடமாக விரல் வைத்து, நிறுத்தி, தெளிவாக. இனம் என்ற இடம் வந்ததும், மையில் 'இலங்கைத் தமிழர்' என்று இருக்க, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "வேடர்" என்று வாசித்தேன். அவருடைய முகம் மலர்ந்தது. கைநாட்டு வைத்தார். அடுத்த கிழமை ஒரு ஓலைப்பெட்டி நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து, எழுதித் தந்த ஐயாவுக்கு என்று கந்தோர் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் நாலைந்து பேர் போர்டிங்கில் இருந்து அதைச் சாப்பிட்டோம்.

இவ்வளவையும் அந்த ஞாயிறு மேசையில் வைத்தே சொல்லிவிட்டேன். சுபா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "அப்பப்பா இப்பவும் ஊரெல்லாம் சொல்லுவார், மாமா. எங்கட ஆக்கள்ல என்ட மகன்ட பதிவுல மட்டுந்தான் வேடர் எண்டு கிடக்கு, கொழும்பு ஐயா ஒருத்தர் வாசிச்சுக் காட்டினவர் எண்டு. நான் அஞ்சாம் வகுப்புல இருக்கக்குள்ள அந்தக் கடதாசியத் தந்து வாசிக்கச் சொன்னார். தமிழர் எண்டு கிடந்த. அப்பா பின்னால நிண்டு கண்ணைக் காட்டினார். நானும் வேடர் எண்டே வாசிச்சன்." பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் வாயிலும் என் பொய்யைப் போட்டிருக்கிறேன், மகன். ஒரு குடும்பமே அந்தக் கிழவருக்காக அதைக் கட்டிக் காத்திருக்கிறது.

அவள் போனபிறகு அம்மா என்னைச் சும்மா விடவில்லை. "பிள்ளைக்கு நல்லது எண்டுதான் எழுதினீங்களோ? நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்கோ." நாற்பது வருஷம் கூட இருப்பவளுக்கு என் நியாயங்களின் எடை தெரியும். வைத்தேன் கையை. உண்மை இதுதான். அந்த நாட்களில் போர்டிங்கில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சாப்பிடும்போது, "இண்டைக்கு ரெண்டு தமிழரைக் கூட்டிப்போட்டன்" என்று நான் சொல்வேன், மற்றவர்கள் கைதட்டுவார்கள். சனத்தொகையில் நாங்கள் குறைந்தால் எங்களை மதிக்க மாட்டார்கள் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. எங்கள் தொகைக்கு ஒரு தலை கூடட்டும் என்று அந்த மனிதனின் தலையை எடுத்தேன். என் பெயரைப் பாதியோடு விட்ட அந்தப் பொலிஸ்காரர் பரவாயில்லை, அவர் அசட்டையாகச் செய்தார். நான் ஆசையோடு செய்தேன். "ஊருக்குத்தான் உபதேசம்" என்றாள் அம்மா. அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த நாள், என்னோடு வேலை செய்த ஒருவரிடம் போனில் யோசனை கேட்டேன். "அதுக்கேன் பதறுறாய்? ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுக் குடு. தவறுதலாகப் பதியப்பட்டுவிட்டது எண்டு ஒரு வரி, முடிஞ்சுது. உன்ர பென்ஷனுக்கும் பிரச்சினை வராது" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. அழகான கையெழுத்தில் ஒரு பிரதி எழுதி அம்மாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "ஆர் பதிஞ்சது? புத்தகம் தானா எழுந்து எழுதிச்சுதோ?" என்று கேட்டு, அதன்மேலேயே வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். நீ அனுப்பிய காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நல்ல சொற்கள், நல்ல குரல். அந்தப் பிரதமர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுபா கேட்ட கிளாக்கர் அதில் எங்குமில்லை. நாடு முழுவதும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கும்போது அந்தக் கிளாக்கர் வீட்டில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று குழுவுக்கு அனுப்பிவிட்டுச் சோற்றைச் சாப்பிடலாம். நான் சாப்பிட்டேனே.

போன வியாழக்கிழமை சுபாவோடு பஸ் ஏறினேன். வேண்டாம் மாமா, அவர் அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேரட்டும் என்று அவள் முதலில் கெஞ்சினாள். பாதி வழியில் அதை நிறுத்திவிட்டு என் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். கதிராமன் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கண்ணில் ஒப்பரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் வந்திருக்கிறார் என்று எழும்பப் பார்த்தார். நான் அவருக்கு முன்னால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, நான்தான் அந்தக் கொழும்பு ஐயா என்று தொடங்கி, எழுதியதையும் வாசித்ததையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கோ என்றும் சொன்னேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது, எனக்கே அது கேட்டது.

அவர் கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "பாலைப்பழம் திண்டீங்களா?" என்று கேட்டார்.

"திண்டனான்."

"நல்லா இருந்ததா?"

"நல்லா இருந்தது."

தலையாட்டினார். "அந்தக் கடதாசில கிடக்கிறத, கிடக்கிறபடி வாசிங்க" என்றார். வாசித்தேன். தந்தையின் இனம் இலங்கைத் தமிழர். "இன்னொருக்கா" என்றார். வாசித்தேன். "அண்டைக்கும் உங்கட குரல் இப்பிடித்தான் இருந்த" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது.

நான் முடித்துக்கொண்டு போயிருந்த சத்தியக்கடதாசியை எடுத்தேன். இந்த முறை வேறு விதமாக எழுதியிருந்தேன். அவரும் அதில் கைநாட்டு வைத்தால் பதிவைத் திருத்த விண்ணப்பிக்கலாம் என்றேன். வாசிக்க வாயெடுத்தபோது கையை நீட்டித் தடுத்தார். "நீங்க வாசிக்காதீங்க." சுபா முன்னால் வந்தாள். "நீயும் வேணாம் புள்ள" என்றார். அவளும் அன்றைக்கு மாற்றித்தான் வாசித்தாள் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. அவளுடைய அப்பா, கதவடியில் நின்றவர், மெல்ல உள்ளே போனார். "எனக்கு உள்ளத வாசிக்க இந்த வீட்டுல ஒருத்தரும் இல்ல" என்று அந்த மனிதர் பொதுவாகச் சொன்னார், யாரையும் பார்த்து அல்ல. பிறகு, "கனடாவில இருந்து வாற புள்ள வாசிக்கட்டும். அவன் என்ன குரல்ல வாசிக்கிறான் எண்டு பாப்பம். அதுக்குப் பொறகுதான் நான் கை வைப்பன், கலியாணத்துக்கு வாறதும் அதுக்குப் பொறகுதான்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஆகவே, மகன், டிக்கெட்டை ஒரு கிழமை முன்னுக்கு மாற்று. வந்திறங்கியதும் கோட் சூட் தைக்க ஓடாதே, முதலில் கிழக்குக்குப் போகிறோம். என் பென்ஷனுக்கு என்ன வரும் என்று யோசிக்காதே, வருகிறது வரட்டும். அந்த இருபது மாதத்தில் இன்னும் எத்தனை பேரைக் 'கூட்டினேன்' என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் காட்டச் சொன்னது அதனால்தான். யாராவது தங்கள் தகப்பனின் பதிவில் அந்த இரட்டைக் கோட்டைக் கண்டால் வெள்ளவத்தைக்கு வரட்டும், அவர்களுக்கும் எழுதித் தருவேன். மூன்று குழுக்களுக்கும் இதையும் அனுப்பப் போகிறேன். இந்தத் தடவை கைகூப்பிய படம் வராது என்று அம்மா சொல்கிறாள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது குறைவு, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சத்தியக்கடதாசியில் நான் எழுதியிருப்பது மூன்றே வரி. அவர் வேடர் என்று சொன்னார். நான் தமிழர் என்று எழுதினேன். எழுதிவிட்டு, வேடர் என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த முற்றத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, விரல் வைத்து, அதில் உள்ளதை உள்ளபடி வாசி. மூன்றாவது வரியில் உன் குரல் தடுமாறும், உன் அப்பன் எழுதியது என்பதால். தடுமாறட்டும், நிறுத்தாதே. அன்றைக்கு என் குரல் தடுமாறவில்லை.

உன் வரவை அந்தக் கிழவரோடு சேர்ந்து எதிர்பார்த்திருக்கும்,
அப்பா